தவறணையை அங்கே வைத்தது யார்?

"தோட்டத்து ஆம்பிளையள் எண்டா குடிப்பினம்தானே." நம்மில் பலர் கேட்டு வளர்ந்த வசனம் இது. ஆய்வுப் படிவங்கள் கொஞ்சம் நாகரிகமாகக் கேட்கும்: வயது, கல்வி, வருமானம், திருமணம். ஆனால் மலையகத்தில் குடிக்கு ஒரு வரலாறும் இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் பிரித்தானிய அரசாங்கம் சாராயம் விற்கும் உரிமையைப் பிரதேசம் பிரதேசமாக ஏலம் விட்டது. கூடக் கேட்டவருக்குக் குத்தகை. கட்டின காசை மீட்க வேண்டுமென்றால் சாராயம் ஓட வேண்டும். அதற்குக் கூலி கையில் புழங்குகிற ஆண்கள் வேண்டும். கோப்பித் தோட்டங்களுக்குத் தமிழகத்திலிருந்து வந்தவர்களில் பெரும்பாலானோர், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் பருவத்துக்கு வந்துபோன ஆண்கள்தான். குத்தகைக்காரருக்கு இதைவிட நல்ல சந்தை எங்கே கிடைக்கும்? இலங்கை முதலாளி வர்க்கத்தின் ஆரம்ப மூலதனத்தில் சாராயக் குத்தகைக்குப் பெரிய பங்கிருந்ததை குமாரி ஜயவர்த்தன விரிவாகக் காட்டியிருக்கிறார். அப்படி எழுந்தவர்களில் ஒருவர் ஜெரோனிஸ் டி சொய்சா. (அவருடைய மகனின் கொடையில் எழுந்த மகப்பேற்று வைத்தியசாலை கொழும்பில் இன்றும் சொய்சா பெயரில்தான் இயங்குகிறது.) அரசாங்கத்துக்கு வருமானம், குத்தகைக்காரருக்கு மூலதனம், தொழிலாளிக்குக் 'குடிகாரன்' என்ற பெயர்.

தேயிலை வந்தபின் குடும்பங்களே லயங்களில் குடியேறின. கொழுந்து பறிப்பது பெண். மாலைவரை மலையில் நிற்பாள். கவ்வாத்து மாதிரியான ஆண்களின் வேலையோ கணக்கு முடிந்தால் மதியத்தோடு சரி. ஒரே அறை லயத்தில் இருந்து என்ன செய்வது? போதாததற்கு, மனைவியின் சம்பளத்தையும் கணவனே வாங்கும் வழக்கம் பல தோட்டங்களில் நெடுங்காலம் இருந்தது. ஓய்வு நேரம், கையில் இரண்டு பேரின் காசு, எட்டும் தூரத்தில் தவறணை. இதில் 'பிறவிக் குணம்' எங்கே வருகிறது? பெண்ணுக்குச் சம சம்பளம் கிடைத்ததே 1984இல்தான். அந்தச் சம்பளம் யார் கைக்குப் போனது என்பது வேறு கதை.

1904இலும் 1912இலும் மதுவிலக்கு இயக்கம் நாட்டை உலுக்கியது. ஏலக் குத்தகை போய், அனுமதிப்பத்திர முறை வந்தது. தவறணை போகவில்லை.

1979இல் வந்த விதியொன்று பெண்களுக்கு மதுபானம் விற்பதைத் தடுத்தது. 2018 ஜனவரியில் நிதியமைச்சர் மங்கள சமரவீர அதை நீக்கினார். சில நாட்களிலேயே ஜனாதிபதி சிறிசேன அதை மீளப்பெறச் சொன்னார். தவறணை வாசலில் அவள் நிற்கக்கூடாது என்பதில் அரசுக்கு அவ்வளவு அவசரம். அவளுடைய கொழுந்துக் காசு அதே வாசலால் உள்ளே போனபோது அந்த அவசரத்தைக் காணவில்லை.