தலைமுடியும் தன்மானமும்

மாந்தர் தலையில் தானே முளைத்து வளர்வது முடி. அதனை வளர்ப்பதற்குப் பிறரிடம் இசைவு பெறவேண்டும் என்று எவரும் எண்ணார். எனினும், தம் தலையில் இயற்கையாக வளரும் முடியை அவ்வாறே வளரவிடும் உரிமைக்காக ஒரு மக்கள் கூட்டம் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகப் போராடி வந்துள்ளது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் கறுப்பின மக்களே அவர்கள். சீப்பும் எண்ணெயும் பற்றிய சிறு செய்தி போலத் தோன்றும் அவ்வரலாறு, உண்மையில் தன்மானம் பறிபோன கதையும் அது மீண்ட கதையும் ஆகும்.

ஆப்பிரிக்க மண்ணில்

மேற்கு ஆப்பிரிக்காவின் யொருபா, வொலொஃப் முதலிய இனத்தாரிடையே தலையலங்காரம் ஒரு மொழி போல் விளங்கிற்று. ஒருவரின் குலம், அகவை, மணநிலை, சமூகத் தகுதி ஆகியவற்றை அவர்தம் பின்னலைக் கண்டே பிறர் அறிந்தனர். யொருபா மக்கள் தலையை ஒருவரின் ஊழ் உறையும் இடமாகப் போற்றினர். ஆதலின், தலைவாருதல் அங்கு மதிப்பிற்குரிய கலையாயிற்று.

அக்கலைக்குத் தக்க காரணமும் உண்டு. உச்சந்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் நுனிவரை எளிதில் இறங்கும். நெருக்கமாகச் சுருண்ட முடியிலோ வளைவுதோறும் தடைப்படும். அதனால் அம்முடி விரைவில் உலரும், வளைவுகளில் ஒடியும். அதனை நீரால் நனைத்து, ஷியா மரக்கொட்டையின் நெய் போன்ற ஒன்றைத் தடவி, நுனியிலிருந்து சிறிது சிறிதாகச் சிக்கெடுத்துப் பின்னிவிடுதல் வேண்டும். இப்பணி பல மணி நேரம் நீளும். தாயின் முழங்கால்களுக்கிடையே மகள் அமர்ந்திருக்கும் அந்நேரத்தில் முடியோடு உறவும் வளர்ந்தது. கைவழியே அறிவும் கைமாறிற்று.

அடிமைத்தளையில்

அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் ஏறக்குறைய 1 கோடியே 25 இலட்சம் ஆப்பிரிக்கர் கப்பலேற்றப்பட்டனர். அவர்களுள் பலருடைய தலைகள் மழிக்கப்பட்டன. தூய்மைக்காக என்று வணிகர் கூறியிருக்கலாம். ஆயின், குலத்தையும் தகுதியையும் தலையில் தாங்கியிருந்தவர்க்கு அஃது அடையாளத்தை அழித்த செயலே ஆயிற்று.

தோட்டங்களில் அவர்களுக்குச் சீப்பு இல்லை. பழகிய நெய் இல்லை. எல்லாவற்றிற்கும் மேலாக நேரம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒன்றே தலையைக் கவனிக்கும் நாளாயிற்று. ஆட்டு உரோமத்தைச் சிக்கெடுக்கும் கருவியைச் சீப்பாகவும், சமையலில் எஞ்சிய கொழுப்பை எண்ணெயாகவும் கொண்டனர். அவர்தம் முடியை ஆண்டைகள் ‘கம்பளி’ என்று இழித்துரைத்தனர். நேரான முடி ‘நல்ல முடி’, சுருண்ட முடி ‘கெட்ட முடி’ என்னும் வழக்கு மெல்ல மெல்ல அம்மக்களின் நாவிலேயே குடியேறிற்று. பிறர் இழித்தலினும் தம்மைத் தாமே இழித்துக்கொள்ளுதல் கொடிதன்றோ?

எனினும் எதிர்ப்பும் அன்றே முளைத்தது. 1786இல், ஸ்பானிய ஆட்சியில் இருந்த லூசியானாவின் ஆளுநர் எஸ்டபான் மீரோ ஓர் ஆணை பிறப்பித்தார். அடிமைத்தளை நீங்கிய கறுப்பினப் பெண்கள் கூந்தலில் இறகும் அணியும் சூடலாகாது. துணியால் தலையை மூடவேண்டும் என்பதே அவ்வாணை. நியூ ஆர்லியன்சுப் பெண்கள் ஆணைக்குப் பணிந்தனர். ஆனால், பல வண்ணத் துணிகளை எழிலுறக் கட்டிப் பணிந்தனர். இழிவின் குறியாக வந்த துணி ஒப்பனையாக மாறிற்று.

வணிகமும் வாக்கர் அம்மையாரும்

அடிமை முறை 1865இல் ஒழிந்தது. ‘நல்ல முடி’ என்னும் எண்ணம் ஒழியவில்லை. வேலைக்கும் மதிப்பிற்கும் நேரான முடியே வாயில் எனக் கருதியோர் சூடேற்றிய இரும்புச் சீப்பால் முடியை நீட்டினர். இந்நிலையில் தோன்றியவர் மேடம் சி.ஜே. வாக்கர். 1867இல் லூசியானாவின் டெல்டாவில் பிறந்த அவருடைய இயற்பெயர் சேரா பிரீட்லவ். பெற்றோர் முன்னாள் அடிமைகள். துணி வெளுத்துப் பிழைத்த அவர், தம் முடி உதிர்வதைக் கண்டு மருந்து தேடினார். ஆனி மலோன் என்னும் கறுப்பின அம்மையாரின் தலைமருந்துகளை முதலில் விற்றார். 1906இல் தம் பெயரிலேயே வணிகம் தொடங்கினார். தலையை அடிக்கடி கழுவுக, உச்சந்தோலைப் பேணுக என்பது அவர் காட்டிய வழி. சூட்டுச் சீப்பை அவரே கண்டுபிடித்தார் எனச் சிலர் எழுதுவது பிழை. முடியை நீட்டுவதன்று, வளர்ப்பதே தம் தொழில் என்று அவர் வலியுறுத்தினார். ஆயிரக்கணக்கான கறுப்பினப் பெண்கள் அவருடைய முகவர்களாகித் தம் காலில் நின்றனர். 1919இல் அவர் மறைந்தார்.

பின்னர்க் காரம் மிக்க வேதிப்பொருள்கள் சூட்டுச் சீப்பின் இடத்தைப் பிடித்தன. ஆடவரும் அவற்றால் தலை எரிய முடியை நீட்டினர். 1965இல் வெளிவந்த தன்வரலாற்றில் மால்கம் எக்ஸ், தாம் இளமையில் அவ்வாறு செய்ததைத் தன்னிழிவின் முதற்படியாகக் கருதி வருந்துகிறார்.

எழுச்சி

1962இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் ஓர் அழகுக் காட்சி நடைபெற்றது. ஒளிப்படக் கலைஞர் குவாமே பிராத்வெயிட்டும் அவருடைய தோழர்களும் அமைத்த அக்காட்சியில், முடியை நீட்டாத பெண்களே மேடையேறினர். அப்பத்தாண்டு முடிவதற்குள் ‘ஆஃப்ரோ’ என்னும் வட்டமான முடிக்கோலம் உரிமைப் போராட்டத்தின் கொடியாயிற்று. 1970இல் ஏஞ்சலா டேவிசைத் தேடி ஒட்டப்பட்ட அறிவிப்பில் கண்ட முடிக்கோலம் உலகெங்கும் அறிமுகமாயிற்று. அவர் 1972இல் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார்.

ஆனால், மேடையில் வென்றது அலுவலகத்தில் எளிதில் வெல்லவில்லை. ஆஃப்ரோவிற்காக ஒருவரை ஒதுக்குதல் இனப்பாகுபாடாகலாம் என 1976இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் கருதிற்று. 1981இலோ, தலையோடு ஒட்டிய வரிப்பின்னல் அணிந்த விமான நிறுவன ஊழியர் ஒருவர் தம் வழக்கில் தோற்றார். பின்னல் பிறப்பால் வருவதன்று, மாற்றக்கூடியதே என்பது தீர்ப்பு. வெள்ளை நடிகை ஒருவர் திரைப்படத்தில் அப்பின்னலோடு தோன்றிய பின்னரே வழக்காடியவர் அதனை அணிந்து வந்தார் எனவும் நீதிமன்றம் சுட்டிற்று. பல நூற்றாண்டுப் பழைமையுடைய ஆப்பிரிக்கக் கலை, ஒரு திரைப்படத்தின் நிழலாகக் கருதப்பட்ட விந்தை இது!

தமிழ் மண்ணையும் இவ்வரலாறு தொட்டுச் செல்கிறது. பழனி முதலிய தலங்களில் அடியார்கள் காணிக்கையாக இறக்கும் முடி ஏலத்தில் விற்கப்படுகிறது. கடல் கடந்து செல்லும் அத்தகு முடி, தம் முடியை மறைக்க விரும்பும் கறுப்பினப் பெண்களின் தலையிலும் தைக்கப்படுகிறது. ஈங்கு ஒருவர் செருக்கை விடுதற்குத் துறந்தது, ஆங்கு ஒருவர் இழிவைப் போக்குதற்கு விலைப்பொருளாகிறது.

மீண்ட முடி

இருபத்தோராம் நூற்றாண்டில் பல பெண்கள் வேதிப்பொருளைக் கைவிட்டு, நீட்டிய பகுதியை வெட்டியெறிந்து, முடியைப் புதிதாக வளர்க்கத் தொடங்கினர். திங்களுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டரே முடி வளரும். சுருளுக்குள் ஒளிந்த வளர்ச்சி கண்ணுக்கும் புலப்படாது. அடிமை வாழ்வில் அறுந்த கைப்பழக்கத்தை மீண்டும் பொறுமையோடு கற்றனர். அவர்தம் முடிவு உடல்நலத்திற்கும் ஏற்றதே. 33,497 பெண்களைத் தொடர்ந்து நோக்கி 2022இல் வெளியான அமெரிக்க அரசின் ஆய்வு, முடி நீட்டும் பொருளை அடிக்கடி பயன்படுத்தியோர் 70 வயதிற்குள் கருப்பைப் புற்றுநோய்க்கு ஆளாகும் வாய்ப்பு 4.05 விழுக்காடு என்றும், பயன்படுத்தாதோர்க்கு 1.64 விழுக்காடு என்றும் கணித்தது.

2019இல் கலிபோர்னியா மாநிலம், பின்னலுக்காகவோ சடைமுடிக்காகவோ பள்ளியிலும் பணியிடத்திலும் எவரையும் ஒதுக்கலாகாது எனச் சட்டம் இயற்றிற்று. இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் அவ்வழியைப் பின்பற்றின. நாடு முழுமைக்குமான சட்டமுன்வரைவு 2022இல் மக்களவையில் நிறைவேறியும் மேலவையைக் கடக்கவில்லை. போராட்டம் இன்னும் முற்றுப்பெறவில்லை என்பதற்கு அதுவே சான்று.

அச்சட்டத்திற்கு அவர்கள் சூட்டிய பெயர் மகுடம் என்னும் பொருளுடையது. தமிழில் ‘முடி’ என்னும் ஒரே சொல் தலைமயிரையும் மகுடத்தையும் குறிக்கும். தமிழ்மொழி ஒரு சொல்லில் அடக்கி வைத்த உண்மையைச் சட்டத்தில் எழுதுவிக்க அம்மக்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.