ஒத்திவைத்த ஊதியம்

இன்றைய உழைப்புக்குப் பின்னாளில் கூலி பெறும் முறை. விசைத்தறிகள் நிறைந்த சங்கரன்கோவிலில் இதன் பழகிய வடிவம் போனஸ். அதை முதலாளியின் இனாம் என்பது தவறு. தள்ளிக் கொடுக்கும் கூலி என்றே தொழிற்சங்கங்கள் வாதிட்டன. 1965ஆம் ஆண்டு போனஸ் சட்டம் பின்னர் திருத்தப்பட்டு வகுத்த குறைந்த அளவு 8.33 சதவீதம், அதாவது ஏறத்தாழ ஒரு மாதச் சம்பளம்; உச்சம் 20. மொத்தமாக வருவதால் அடகு நகையை மீட்கலாம். ஆனால் காத்திருந்த மாதங்களுக்கு வட்டி இல்லை. இடையில் வாங்கிய கைக்கடனுக்கோ வட்டி உண்டு.

விளம்பர வருமானம் மிகுந்த பேஸ்பால் வீரர் ஷோஹெய் ஒஹ்தானிக்கு அந்த நெருக்கடி இல்லை. 2023இல் டாட்ஜர்ஸ் அணியுடன் செய்த 70 கோடி டாலர் ஒப்பந்தத்தில் 68 கோடியை வட்டியின்றி 2034–2043க்குத் தள்ளிவைத்தார். அதனால் அணியின் சம்பள வரம்புக் கணக்கில் ஆண்டுக்கு 7 கோடிக்குப் பதில் சுமார் 4.6 கோடியே ஏறுகிறது.