வெள்ளைக் கல்லின் தனிமை: நெர்ல் நதிக்கரைத் தேவாலயம் குறித்து

ருஷ்யக் கட்டடக்கலை என்றதும் கலைநூல்கள் தவறாமல் அச்சிடும் படம் ஒன்றுண்டு. விளாதிமிருக்கு அருகே, பகலூபவாவை ஒட்டிய புல்வெளியில், ஒற்றைக் குவிமாடத்தோடு தன்னந்தனியாக நிற்கும் வெள்ளைக்கல் தேவாலயம். கீழே தண்ணீரில் அதன் நிழல். 'கல்லில் எழுதிய கவிதை' என்று சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். கவிதைதான், சரி. யாருடைய கவிதை?

போக்ரவ் எனும் மாதா திருவிழாவின் பெயரில், 1165 வாக்கில் இளவரசன் அந்திரேய் பகலூப்ஸ்கி கட்டியது இது. 1164இல் வோல்கா பல்கார்கள்மீது நடந்த படையெடுப்பை அடுத்து இறந்துபோன மகன் இசியஸ்லாவின் நினைவாக என்பது மரபு. விழாவின் கதையோ கான்ஸ்டான்டிநோபிளில் நடக்கிறது. பிளாகெர்னே ஆலயத்தில் மாதா தன் முக்காட்டை ஜனங்கள்மேல் விரித்ததை அந்திரேய் என்ற பித்தர் கண்டாராம். பைசாந்தியத்தில் இது பெரிய விழாவாகவில்லை, ருஷ்யர்கள்தான் தமதாக்கிக்கொண்டார்கள். வேடிக்கை என்னவென்றால், 860இல் அதே நகரைத் தாக்கவந்த ருஸ் கப்பல்களைச் சிதறடித்தது பிளாகெர்னேயின் மாதா அங்கிதான் என்று அவர்களுடைய பழைய நாளாகமமே சொல்கிறது. விரட்டிய துணியையே கூரையாக்கிக்கொள்வது! விழாவை நிலைநாட்டியவனே இந்த இளவரசன்தான் என்று வாதிடுபவர்கள் உண்டு. 1169இல் கியெவைச் சூறையாடியது இவன் படை. கியெவுக்குக் கடன்படாத ஒரு புனிதம் இவனுக்குத் தேவைப்பட்டது. பித்தரின் பெயரும் தன் பெயராகவே இருந்தது வசதியாயிற்று.

1950களில் நிகலாய் வரோனின் அகழ்ந்து பார்த்தபோது படம் கலைந்தது. வசந்தகால வெள்ளம் ஏறும் தாழ்நிலம் அது. அஸ்திவாரத்தின்மேல் சுமார் 4 மீட்டர் சுவரெழுப்பி, உள்ளும் புறமும் மண் கொட்டி, அந்த மேட்டைக் கல் பாவி மூடியிருக்கிறார்கள். அதற்குமேல்தான் தேவாலயமே. சுற்றி நடைக்கூடம் இருந்ததற்கான அடித்தடமும் கிடைத்தது. (அதன் வடிவம் பற்றிய சண்டை வேறு.) நெர்ல், கிளியாஸ்மாவில் கலந்தது அன்று இந்த இடத்தில். ஆக, படகில் வந்தவன் கண்ணில் பட்டது தனிமையல்ல, கல்மேடும் தலைநகரின் வாசலும். மூன்று முகப்புகளின் உச்சியிலும் யாழேந்திய தாவீது அரசன், பக்கத்தில் சிங்கங்கள். மாதாவின் விழாக்கோயிலில் நடு இடம் ராஜாவுக்கு! பெண்களும் இருக்கிறார்கள்: சடை பின்னிய வெறும் முகங்களாக, சுவரில் வரிசையாக.

1174இல் பகலூபவா அரண்மனையில் பிரபுக்களே அவனைக் கொன்றார்கள். 1784இல் மணிக்கூண்டு கட்டக் கல் வேண்டும் என்று மடத்துத் தலைவர் இக்கோயிலை இடிக்க அனுமதியே வாங்கிவிட்டார். கூலி பேசிக் கட்டுப்படியாகாததால் தப்பியது, அவ்வளவுதான். மிஞ்சியிருந்த சுவரோவியங்கள் 1877 'பழுதுபார்ப்பில்' போயின. உள்ளே இன்று வெறும் சுவர். அதற்கும் 'எளிமை' என்று ஒரு பாராட்டு.