துளையின் துல்லியமும் இலக்கின் நியாயமும்: கொல்கத்தாவின் மண்டையோடுகள் முதல் ரோபோ கரம் வரை

கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட இந்திய மானிடவியல் ஆய்வு நிறுவனம் 1980இல் ஓர் எலும்பாய்வு அறிக்கையை வெளியிட்டது. ஸ்ரீநகருக்கு அருகிலுள்ள பூர்சஹோம் என்னும் புதிய கற்காலக் குடியிருப்பில் கிடைத்த மனித எச்சங்களைப் பற்றிய அறிக்கை அது. அந்த எச்சங்களுள் நாலாயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு மண்டையோடு தனித்து நிற்கிறது. அதில் பல துளைகள் உள்ளன. சில எலும்பை முழுவதும் ஊடுருவியவை. சில பாதியில் நின்றுபோனவை. 2001இல் சங்கியான், வெபர் ஆகிய இரு ஆய்வாளர்கள் இத்துளைகளைப் பண்டைய இந்தியாவின் அறுவைச் சிகிச்சைக்குச் சான்றாக முன்வைத்தனர். பத்தாண்டுகள் கழித்து, 2011இல், சங்கியானும் ராபின்ஸ் ஷுக்கும் கொல்கத்தாத் தொகுப்பிலுள்ள ஹரப்பா மண்டையோடு ஒன்றைப் பற்றிக் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினர். அந்த மண்டையோட்டில் அடிபட்ட தடயமும் வட்டத் துளையும் இருந்தன. துளையின் விளிம்பில் எலும்பு ஆறிய அடையாளம் தெரிவதால், துளையிடப்பட்டவர் அதன்பின்னும் உயிர்வாழ்ந்திருக்க வேண்டும் என்பது அவர்களது முடிவு.

இத்தகைய எலும்புகள் ஆய்வாளரிடம் இரண்டு வகையில் பேசுகின்றன. துளையின் வட்டம், சரிவு, ஆழம் ஆகியவை துளையிட்ட கையின் திறனைக் காட்டுகின்றன. விளிம்பு ஆறியதா இல்லையா என்பது அந்த மனிதரின் பிற்காலத்தைக் காட்டுகிறது. ஆனால் அந்த இடத்தில் ஏன் துளையிட்டார்கள் என்று கேட்டால் எலும்பு வாய் திறப்பதில்லை. வலியைப் போக்கவா, வலிப்பை நிறுத்தவா, தீயதொன்றை வெளியேற்றவா, அல்லது இறந்தபின் நிகழ்த்திய சடங்கா என்ற விவாதம் உலகெங்கும் கிடைத்த துளைபட்ட மண்டையோடுகள் அனைத்தையும் தொடர்கிறது.

கருவி எவ்வளவு சரியாகச் சென்றது என்பது ஒரு கேள்வி. அது செல்ல வேண்டிய இடம் அதுதானா என்பது வேறொரு கேள்வி. மூளை அறுவையில் இன்று ரோபோ கரம் நுழைந்திருக்கும் வேளையில் இவ்விரண்டையும் பிரித்தறிவது வரலாற்று மாணவருக்கு இன்றியமையாதது. முதற்கேள்விக்குக் கிடைத்த வியத்தகு விடைகள் பலமுறை இரண்டாம் கேள்வியை மறைத்துவிட்டன. அதற்கு மிக அருகிலுள்ள சான்று சென்னையில் இருக்கிறது.

தேரையர் கதையைத் தமிழ் மாணவர்கள் அறிவர். அரசனின் தலைக்குள் இருந்த தேரையைக் குறட்டால் பற்றினால் மூளை சிதையும் என்று அஞ்சி, தண்ணீர்ப் பாத்திரத்தைக் காட்டி அதைத் தானாகவே குதிக்கச் செய்தார் அகத்தியரின் மாணவர் என்பது அக்கதை. அது வரலாற்றுச் சான்று ஆகாது. ஆயினும் மூளையைத் தொடும் கருவியே மூளைக்குக் கேடு என்னும் அச்சம் அதில் தெளிவாகப் பதிந்துள்ளது. கதையில் தேரை கண்ணுக்குத் தெரிகிறது. நவீன அறுவையருக்கு வாய்த்த சிக்கல் இதனினும் கடியது. அவர் அடைய வேண்டிய இடம் மூளையின் ஆழத்தில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது.

இச்சிக்கலுக்கு வடிவியல் வழியாக விடை கண்டவர்கள் லண்டனைச் சேர்ந்த விக்டர் ஹார்ஸ்லியும் ராபர்ட் கிளார்க்கும் ஆவர். குரங்கின் தலையை ஒரு சட்டகத்தில் பொருத்தி, மூளையின் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று அளவுகளைக் குறித்து, அவ்வளவுகளின்படி ஊசியைச் செலுத்தும் முறையை 1908இல் அவர்கள் வெளியிட்டனர். காதுத்துளை, கண்குழி முதலிய எலும்பு அடையாளங்களே அவர்களுக்கு அளவைத் தளம். குரங்குக்கு அது போதுமானதாக இருந்தது. மனிதத் தலைகளோ ஒன்றைப்போல் ஒன்று இருப்பதில்லை. வெளி எலும்பைக் கொண்டு உள் மூளையின் ஆழ்பகுதியைக் கணிப்பது பெரும்பிழைக்கு இடமளிக்கும்.

நாற்பது ஆண்டுகள் கழித்து, 1947இல், ஃபிலடெல்ஃபியாவில் எர்ன்ஸ்ட் ஸ்பீகலும் ஹென்றி வைசிஸும் இத்தடையைக் கடந்தனர். மூளையின் நீரறைகளுக்குள் காற்றைச் செலுத்தி எக்ஸ்-ரே எடுத்தால் அவற்றின் வடிவம் தெரியும். அந்த வடிவத்தை அளவைத் தளமாகக் கொண்டு மனித மூளைக்குள் ஊசியைச் செலுத்தலாம். 1949இல் ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் வில் வடிவச் சட்டகம் ஒன்றை அமைத்தார். வில்லின் மையத்தில் இலக்கு இருக்குமாறு பொருத்தினால், ஊசி எந்தக் கோணத்தில் நுழைந்தாலும் அதே புள்ளியைச் சென்றடையும். ஸ்டீரியோடாக்டிக் அறுவை என்னும் துறை இவ்வாறு உருவாயிற்று.

இத்துறையின் பிறப்பில் ஒரு செய்தியை மறக்கலாகாது. ஸ்பீகலும் வைசிஸும் முதலில் எண்ணியது மனநோயாளிகளையே. அக்காலத்தில் பரவலாகச் செய்யப்பட்ட லோபோடமி மூளையின் முன்பகுதியைப் பரந்த அளவில் சிதைத்தது. அதனினும் சிறிய, குறிபார்த்த காயம் போதும் என்பது அவர்களது வாதம். அதாவது, துல்லியம் என்பது தொடக்கத்திலேயே ஓர் அறக் காரணமாகவும் முன்வைக்கப்பட்டது.

இம்முறை சென்னையில் வேரூன்றிய வரலாறு தனிச் சிறப்புடையது. சீர்காழியில் பிறந்த பா. இராமமூர்த்தி 1950இல் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் நரம்பியல் அறுவைத் துறையைத் தொடங்கினார். 1960களில் அவரும் வி. பாலசுப்பிரமணியம், எஸ். கல்யாணராமன், தி. எஸ். கனகா ஆகியோரும் ஸ்டீரியோடாக்டிக் அறுவையில் உலகம் கவனிக்கும் ஒரு பள்ளியை உருவாக்கினர். 1968இல் நரம்பியல் அறுவையில் உயர்பட்டம் பெற்ற கனகா, ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவையர்களுள் ஒருவர். பார்க்கின்சன் நோயின் நடுக்கத்தைத் தணிக்கத் தலமஸில் சிறு காயம் உண்டாக்குவது அக்காலத்தின் முதன்மையான பணி. சி.டி. ஸ்கேனும் எம்.ஆர்.ஐ.யும் இல்லாத காலம் அது. காற்றோ சாயமோ செலுத்திய எக்ஸ்-ரே படம், அளவுகோல், வரைபடத் தாள், மனக்கணக்கு ஆகியவையே துணை. 1960களின் இறுதியில் லெவோடோபா மருந்து வந்ததும் நடுக்கத்திற்கான அறுவையின் தேவை உலகெங்கும் குறைந்தது. கருவியும் கைத்திறனும் எஞ்சின.

இதே காலத்தில் டோக்கியோவில் நராபயாஷி அமிக்டலாவிலும், சானோ ஹைப்போதலமஸின் பின்பகுதியிலும் காயம் உண்டாக்கி, கட்டுப்படுத்த இயலாத ஆவேசத்தைத் தணிக்க முடியும் என்று அறிவித்திருந்தனர். சென்னைப் பள்ளி இவ்வழியில் வெகுதூரம் சென்றது. இவ்வகை அறுவைக்கு 'அமைதிப்படுத்தும் நரம்பியல் அறுவை' என்ற பொருளில் பெயரிட்டுப் பாலசுப்பிரமணியமும் குழுவினரும் கட்டுரைகள் வெளியிட்டனர். மிகைத்துடிப்பு, அடங்காச் சினம், பின்னர் போதைப் பழக்கம் ஆகியவையும் அறுவைக்குரிய நிலைகளாகக் கொள்ளப்பட்டன. நோயாளிகளுள் சிறார்களும் இருந்தனர். 1988இல் இராமமூர்த்தி தொகுத்தளித்த கணக்கின்படி ஆவேச நடத்தைக்காகச் செய்யப்பட்ட அறுவைகள் 603. அவற்றுள் 481 அமிக்டலாவிலும் எஞ்சிய 122 ஹைப்போதலமஸிலும் செய்யப்பட்டவை.

இந்த எண்களை இன்று படிப்பவர் இரு எளிய முடிவுகளுள் ஒன்றில் விழக்கூடும். ஒன்று, முன்னோடிகளின் சாதனை என்று வியப்பது. மற்றொன்று, கொடுமை என்று ஒதுக்குவது. இரண்டும் போதா. தன்னையும் பிறரையும் காயப்படுத்தும் பிள்ளையைக் கட்டிவைத்திருந்த குடும்பங்கள் மருத்துவமனைக்கு வந்தன என்பதும், மருந்துகளும் மனநலக் காப்பகங்களும் அவர்களுக்கு அளித்தது மிகக் குறைவு என்பதும் உண்மை. அறுவையர்கள் தங்கள் பணியை மறைக்கவில்லை. உலக இதழ்களில் வெளியிட்டார்கள். ஆயினும் அக்கட்டுரைகள் வெற்றியை அளந்த கோல் எது என்று கேட்க வேண்டும். நோயாளி அமைதியானார், கையாள எளிதானார் என்பதே பெரும்பாலும் அளவுகோல். அந்த அமைதி யாருக்காக? சொல்ல இயலாத சிறுவனுக்கா, களைத்துப்போன தாய்க்கா, இடமின்றித் தவித்த விடுதிக்கா? ஊசி அமிக்டலாவைச் சரியாக அடைந்தது என்பதை எக்ஸ்-ரே மெய்ப்பிக்கும். சினத்தின் இருப்பிடம் அமிக்டலாதான் என்பதையோ, அச்சினம் நோயே என்பதையோ அது மெய்ப்பிக்காது.

சட்டம் இக்கேள்வியைப் பின்னர் எடுத்துக்கொண்டது. மன நோய்க்காகச் செய்யும் மூளை அறுவைக்கு நோயாளியின் அறிந்த இசைவும் மனநல மறுஆய்வு வாரியத்தின் ஒப்புதலும் வேண்டும் என்கிறது 2017ஆம் ஆண்டின் இந்திய மனநலப் பாதுகாப்புச் சட்டம். அறுவையரின் கையை மட்டுமன்றி, அவர் குறிக்கும் இலக்கையும் பிறர் ஆராய வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

இனி ரோபோவுக்கு வருவோம். 1985இல் கலிஃபோர்னியாவின் லாங் பீச் நகரில், தொழிற்சாலைக்கென உருவான பூமா என்னும் இயந்திரக் கரம் ஒரு நோயாளியின் தலைமீது வழிகாட்டிக் குழாயைப் பிடித்து நின்றது. சி.டி. ஸ்கேன் படத்திலிருந்து கணினி கணித்த கோட்டில் கரம் நிலைகொண்டது. அதன் வழியே ஊசியைச் செலுத்தித் திசுவை எடுத்தவர் மருத்துவர். அடுத்த சில ஆண்டுகளில் பிரான்சின் கிரெனோபிள் நகரில் பெனாபிடும் குழுவினரும் மூளை அறுவைக்கெனவே ஒரு ரோபோவை வடிவமைத்தனர். இன்றைய கருவிகளின் செயல்முறையும் அடிப்படையில் இதுவே. எம்.ஆர்.ஐ. படத்தில் நுழைவாயையும் இலக்கையும் அறுவையர் குறிக்கிறார். இரத்தக் குழாய்களைத் தவிர்க்கும் பாதையைத் தேர்கிறார். படத்திலுள்ள தலையும் மேசையிலுள்ள தலையும் ஒன்றோடொன்று பொருந்துமாறு, லேசர் ஒளியாலோ எலும்பில் பதித்த குறிகளாலோ கருவி தன்னைச் சரிசெய்துகொள்கிறது. பின்னர் கரம் அந்தக் கோட்டில் சென்று அசையாது நிற்கிறது. சில மில்லிமீட்டர் விட்டமுள்ள துளை இடப்படுகிறது. மின்முனையோ ஊசியோ உள்ளே செல்கிறது.

மனிதக் கை களைக்கும், நடுங்கும். ஒரே அமர்வில் பத்துப் பதினைந்து பாதைகளுக்குச் சட்டகத்தின் அளவுகளைக் கையால் மாற்றும்போது ஓர் எண் பிழைபடலாம். ரோபோ கரத்துக்கு இக்குறை இல்லை. ஆனால் அதன் அறிவு அறுவைக்கு முன் எடுத்த படத்தளவே. மண்டை திறந்து மூளைநீர் வெளியேறியதும் மூளை சில மில்லிமீட்டர் தாழ்ந்து நகரக்கூடும். அப்போது படத்தில் உள்ள இலக்கும் தலைக்குள் உள்ள இலக்கும் வேறுவேறு. கரம் தவறாத இடத்திலும் இலக்கு தவறலாம்.

இந்தியாவிலும் இத்துறை வளர்ந்துள்ளது. தலையின் அடையாளங்களை ரோபோ தானே கண்டு பொருத்திக்கொள்ளும் முறையில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பொறியியலாளர்கள் உழைத்துள்ளனர். தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 2021இல் ஒரு புதிய முறையை வெளியிட்டனர். கடும் வலிப்பால் அவதியுறும் குழந்தைகளுக்கு மண்டையைப் பெரிதாகத் திறக்காமல், ரோபோ காட்டும் பாதைகளில் மின்முனைகளைச் செலுத்தி, வெப்பத்தால் பழுதுற்ற அரைக்கோளத்தின் தொடர்புகளைத் துண்டிக்கும் முறை அது. இரத்த இழப்பு சிறு குழந்தைக்குப் பேராபத்து என்பதால் இதன் பயன் தெளிவானது. அங்கே இலக்கு என்பது ஊகமன்று. வலிப்பு எந்த அரைக்கோளத்தில் எழுகிறது என்பது முன்னரே ஆராய்ந்து அறியப்படுகிறது.

துல்லியத்தின் வரலாற்றில் இரு திருப்பங்கள் இங்கே கருதத்தக்கவை. முதலாவது, 1987இல் பெனாபிட் முன்வைத்த ஆழ்மூளை மின்தூண்டல். காயம் உண்டாக்குவதற்குப் பதிலாக மின்முனையைப் பதித்துத் தூண்டினால், பயனில்லாதபோது நிறுத்திவிடலாம். இலக்குத் தவறானால் திரும்பிவர வழியுண்டு. இரண்டாவது, பாரிசில் தலைராக், பான்கோ இருவரும் தொடங்கிய ஆழ் மின்பதிவு முறை. பல மின்முனைகளை மூளைக்குள் வைத்து வலிப்பு எங்கே பிறக்கிறது என்று பல நாட்கள் கேட்டறியும் முறை இது. இன்று ரோபோ கரம் மிகுதியாகப் பயன்படுவது இம்முறையில்தான். இங்கே துல்லியமான ஊசி முடிவை நிறைவேற்றுவதற்காகச் செல்லவில்லை. முடிவு எடுக்குமுன் கேட்பதற்காகச் செல்கிறது. சென்னையின் 603 அறுவைகளுக்கு வாய்க்காத பேறு இது.

மீண்டும் கொல்கத்தாவின் எலும்புகளை எண்ணிப் பார்க்கலாம். பூர்சஹோம் மண்டையோட்டில் பாதியில் நின்ற துளைகள் உள்ளன. துளைத்தவர் ஏன் நிறுத்தினார் என்பதற்கு இனி விடை கிடைக்கப் போவதில்லை. இன்றைய ரோபோ தன் பாதையின் ஒவ்வொரு மில்லிமீட்டரையும் பதிவு செய்கிறது. பிற்கால ஆய்வாளருக்கு எந்தப் புள்ளி, எந்தக் கோணம், எவ்வளவு ஆழம் என்பவை ஐயமின்றிக் கிடைக்கும். அந்தப் புள்ளி ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது, யார் இசைந்தார், பின்னர் அந்த மனிதர் தம் வாழ்வைப் பற்றி என்ன சொன்னார் என்பவற்றை எந்தக் கருவியும் தானாகப் பதிவதில்லை. மனிதர்தாம் எழுதிவைக்க வேண்டும். சென்னைப் பள்ளியின் கட்டுரைகளில் அறுவையரின் குரல் கேட்கிறது. அறுவைக்கு உட்பட்டவரின் குரல் கேட்பதில்லை. அவர்களுள் சிறுவயதினராக இருந்தோர் சிலர் இன்னும் உயிரோடிருக்கக்கூடும். மருத்துவ வரலாற்றை ஆய்பொருளாகக் கொள்ளும் மாணவருக்கு முன்னே காத்திருக்கும் பணி அவர்களைத் தேடிச் செல்வதே. எலும்பு வாய் திறப்பதில்லை, அவர்கள் திறக்கக்கூடும்.