ஷகீகாவின் மருந்தும் அரிய தீங்கும்

ஒற்றைத் தலைவலிக்கு அரபு மருத்துவ நூல்கள் இட்ட பெயர் ‘ஷகீகா’. பிளத்தல் எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் இஹ்ராம் நிலையில், இந்நோயின் பொருட்டுத் தலையில் இரத்தம் குத்தி எடுத்துக்கொண்ட செய்தி புகாரியில் பதிவாகியுள்ளது.

பதினொன்றாம் நூற்றாண்டில் இப்னு சீனா இயற்றிய ‘அல்-கானூன் ஃபித் திப்’ நூலின் இரண்டாம் பாகம் தனி மருந்துகளைப் பற்றியது. மருந்தைச் சோதிக்க ஏழு விதிகளை அவர் அதில் வகுத்தார். சோதனை மனித உடலிலேயே நிகழ வேண்டும் என்பது ஒன்று. விளைவு எப்போதும், அல்லது பெரும்பாலும் காணப்பட வேண்டும். இல்லையேல் அது தற்செயலே என்பது மற்றொன்று. ஷகீகாவின் பிற்கால மருந்துகளோ, இவ்விதியின் எல்லை எதுவென நமக்குக் காட்டுகின்றன.

இடைக்கால ஐரோப்பாவில் ரை தானியத்தைப் பற்றிய எர்காட் பூஞ்சை, உண்டோரின் இரத்த நாளங்களைச் சுருக்கிக் கைகால்களை அழுகச் செய்தது. அப்பூஞ்சையிலிருந்தே 1918இல் சுவிட்சர்லாந்தில் ஆர்தர் ஸ்டோல் எர்கோட்டமைனைப் பிரித்தெடுத்தார். 1920களில் அது ஷகீகாவுக்கு மருந்தாயிற்று. நாளத்தைச் சுருக்கும் இயல்பு அளவோடு நின்றால் மருந்து, மிஞ்சினால் நஞ்சு. குடலின் நாளங்களும் அதற்கு விலக்கல்ல.

1990களின் தொடக்கத்தில் வந்த சுமாட்ரிப்டான், தலையின் நாளங்களையே பெரிதும் குறிவைத்தது. பல்லாயிரவர் நலம் பெற்றனர். ஆயினும் மிகச் சிலருக்குத் திடீர் வயிற்றுவலியும் இரத்தம் கலந்த பேதியும் கண்டன. இரத்த ஓட்டம் குன்றிப் பெருங்குடலின் உட்சுவர் புண்பட்டிருந்தது. 1998இல் இத்தகையோரைப் பற்றிய ஆய்வறிக்கை வெளியாயிற்று. இன்று மருந்தின் குறிப்புத்தாளிலேயே அவ்வெச்சரிக்கை உள்ளது. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எரெனுமாப் வேறு வழியில் செயல்படுவது. அதுவும் சிலருக்கு, மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குக் கடும் மலச்சிக்கலைத் தந்தது. 2019இல் அதற்கும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டது.

பெரும்பாலும் நிகழாதவை என்பதால் இவற்றைத் தற்செயல் எனத் தள்ளலாமா? இப்னு சீனாவின் விதி மருந்தின் இயல்பை அறிவதற்கானது. அரிய தீங்கைக் கண்டறிவதற்கன்று. தம் ஆயுளில் இத்தகைய நோயாளி ஒருவரையே காணும் மருத்துவருக்கு அது தற்செயலாகவே தோன்றும். பல ஊர்களின் குறிப்புகள் ஓரிடத்தில் சேரும்போதே தொடர்பு வெளிப்படும். தனி அறிவிப்பு ஒன்று பிற அறிவிப்புகளால் வலுப்பெறுவதை ஹதீஸ் கலையில் நாம் கற்றிருக்கிறோம், இதுவும் அதனையொத்ததே.

ஆகவே இம்மருந்துகளை உண்போர் மலத்தில் இரத்தம் கண்டால், மூலம் எனத் தாமே முடிவுகட்டி வாளாவிருத்தல் ஆகாது. தலைவலிக்கு உண்ட மருந்தின் பெயரையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு சொல், முன்பின் அறியாத மற்றொருவரைக் காக்கும் அறிவிப்பாகவும் ஆகலாம்.