ஓர்வியேத்தோ: ஒரு பழநகர்ப் பெயர்

இத்தாலி தேசத்தின் உம்ப்ரியாப் பகுதியில், பாலியா நதிக்கு மேலே, நாற்புறமும் செங்குத்தாய் நிற்கும் எரிமலைப் பாறையொன்றின் உச்சியில் அமைந்த ஓர்வியேத்தோ என்னும் ஊரை, ரோம ஆசிரியர் பிளினி எத்ரூரிய நாட்டு ஊர்களை வரிசைப்படுத்துமிடத்துக் கூறும் ஹெர்பானும் என்பதனோடு ஒன்றாக்குவாரும், எத்ருஸ்கர்களின் பெருநகராகிய வெல்ஸ்னா, அதாவது ரோமர் வொல்சீனி என்றழைத்த பட்டணம், ஆதி முதல் பொல்சேனா ஏரிக்கரையிலேயே இருந்ததென்று சாதிப்பாரும் இன்னும் இருத்தல் வருந்தத்தக்கது. ஹெர்பானும் என்பது ஓர்வியேத்தோ எனத் திரிவதற்கு எந்த ஒலிவிதியும் இடந்தராது. ஆதலின் அதனை விடுத்து மேற்செல்வோம்.

இவ்வூர்ப்பெயர் உர்ப்ஸ் வேத்துஸ் என்னும் லத்தீன் தொடரினின்றும் பிறந்தது. உர்ப்ஸ் நகரம், வேத்துஸ் பழையது. முதலுகரம் ஒகரமாதலும், அழுத்தம் பெற்ற எகரம் 'இயெ' என விரிதலும் இத்தாலிய மொழிக்கு இயல்பு. கல்லைக் குறிக்கும் பெத்ரா என்பது பியெத்ரா ஆயினமை காண்க. வேத்துஸ் என்பதன் வழிவந்த வியேத்தோ என்னும் சொல், நாட்பட்டுச் சுவைகெட்டது என்னும் பொருளில் அம்மொழியில் தனியே வழங்குதலும் இதற்கு அரண் செய்யும். ஆறாம் நூற்றாண்டில் வரலாற்றாசிரியர் ப்ரொகோப்பியுஸ் இதனை உர்பிவெந்துஸ் என்றெழுதினார். நடுவே தோன்றிய நகரவொற்றைக் கண்டு, காற்றைக் குறிக்கும் வெந்துஸ் என்னுஞ் சொல்லை ஈண்டுக் கொணர்தல் ஆகாது. அந்நூற்றாண்டின் இறுதியிலேயே பாப்பரசர் முதலாம் கிரெகோரியாரின் கடிதங்களில் பழநகர் என்னும் வடிவம் ஐயத்திற்கிடமின்றி நிற்கிறது. அண்டையிலுள்ள விதெர்போவையும் வேத்துஸ் உர்ப்ஸ் எனப் பிரிப்பாருளர். பழைய சாஸனங்கள் அதனை விதெர்பியுஸின் கோட்டை என்னும் பொருள்படக் குறித்தனவேயன்றி நகரென்று குறித்தில.

இனி, பழமை என்னும் அடை எதனை நோக்கியது என்பதே விசாரிக்கத்தக்கது. எல்லா ஊரும் காலத்தால் பழையனவே. எனினும், புதியதோர் ஊருக்குக் குடிபெயர்ந்து சென்ற ஜனங்கள் பின்னே விட்டுவந்த ஸ்தலமே பழநகர் எனப் பெயர்பெறும். கடற்கரையிலுள்ள சிவிதாவெக்கியா இதற்குச் சிறந்த திருஷ்டாந்தம். சென்தும்செல்லே என்று வழங்கிய அத்துறைமுகத்தைச் சாரசேனியர் அழித்தமையால், அதன் குடிகளுக்கென நான்காம் லியோ பாப்பரசர் 854ஆம் ஆண்டில் உள்நாட்டில் வேறோர் ஊர் அமைத்தார்; அவர்கள் பின்னர்த் திரும்பிவந்து குடியேறிய இடமே 'பழைய நகரம்' ஆயிற்று.

வொல்சீனியின் சரித்திரமும் இதனை ஒத்ததே. கி.மு. 264இல் ஃபுல்வியுஸ் ஃபிளாக்குஸ் என்னும் ரோமத் தளபதி அந்நகரைக் கைப்பற்ற, நகரம் தரைமட்டமாக்கப்பட்டு, எஞ்சிய குடிகள் வேறிடத்திற் குடியேற்றப்பட்டனரென்று பைஸாந்திய வரலாற்றாசிரியர் ஸோனராஸ் தெளிவாக உரைக்கிறார். சென்றவர்கள் பெயரையும் உடன்கொண்டு சென்றனர். அதுவே ஏரிக்கரையில் பொல்சேனா ஆயிற்று. அவர்கள் துறந்த பாறையோ பெயரிழந்து, பழநகர் என்னும் அடையாளமொன்றையே ஏற்றது.

பொல்சேனாவில் அகழ்ந்த பிரெஞ்சு அறிஞர் ரேமோன் ப்ளோக், அங்குள்ள எத்ருஸ்க மதிலைக் காட்டி மறுப்பர். மதில் மட்டும் பெருநகர் ஆகாது. ஓர்வியேத்தோப் பாறையின் அடிவாரத்திலுள்ள குரோசிஃபிஸ்ஸோ தெல் தூஃபோ என்னும் இடுகாட்டைக் கண்டார் இவ்வாறு கூறார். கி.மு. ஆறாம் நூற்றாண்டைச் சார்ந்த கல்லறைகள் அங்கே வீடுகளைப்போல் நேர்த்தெருக்களில் அணிவகுத்து நிற்கின்றன. வாயிலின் மேற்கல்லில் வலமிருந்து இடமாக, 'யான் இன்னாருடையேன்' எனக் கல்லறையே பேசுவதுபோல் உரியவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. இத்துணைக் குடும்பங்கள் வாழ்ந்த நகரம் பெயரற்ற சிற்றூராக இருந்திருத்தல் கூடுமோ? ஜெர்மானிய அறிஞர் ஓட்ஃப்ரீட் ம்யூலர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே வொல்சீனியை இப்பாறைமேற் கண்டது நுண்ணறிவின் பயன்.

அதன்பின் அரசுகள் பல மாறின. கோத்தர்களைப் பைஸாந்தியத் தளபதி பெலிசாரியுஸ் பட்டினியால் பணியவைத்தான்; லொம்பார்தியர் வந்தனர்; சுயாட்சி பெற்ற நகரமாகிய காலத்து மொனால்தெஸ்கி, ஃபிலிப்பெஸ்கி என்னும் இருகுடியினர் தம்முட் பொருதமையைத் தாந்தே குறித்தார்; 1364இல் கர்தினால் அல்போர்னோஸ் பாப்பரசர் ஆட்சிக்குக் காவலாகக் கோட்டை எடுப்பித்தார். 1527இல் ரோம் சூறையாடப்பட்டபோது இங்கு அடைக்கலம் புகுந்த ஏழாம் கிளெமெந்த் பாப்பரசர், முற்றுகைக் காலத்தில் நீர் முட்டுப்படாதிருக்க, இறங்கும் கழுதைகளும் ஏறும் கழுதைகளும் எதிர்ப்படாதவாறு 248 படிகள் கொண்ட இரட்டைச் சுழற்படிக் கிணற்றைத் தோண்டத் தொடங்குவித்தார். 1860இல் இவ்வூர் புதிய இத்தாலிய ராஜ்யத்தைச் சேர்ந்தது. வந்த ஆட்சியாளருள் ஒருவர் பெயரும் இதன்மேல் நிலைத்திலது. வெல்ஸ்னா பெயர்ந்துபோன வரலாற்றுக்கு ஓர்வியேத்தோ என்னும் சொல்லே மூலசாஸனம். இது எம் துணிபு.