அட்டை ஓர் ஆபீசில், கடன் ஓர் ஆபீசில்

பீகாம் முடித்த கையோடு திருச்சி வேலைவாய்ப்பு அலுவலகத்தில் வரிசையில் நின்று பதிவு செய்தவன் நான். ரினியூவலும் தவறாமல் செய்தேன். ஒரு நேர்முகக் கடிதம்கூட வரவில்லை. கடைசியில் பேங்க் பரீட்சை எழுதி மத்தியப் பிரதேசத்துக்கு வந்து சேர்ந்தேன். ஏன் வரவில்லை என்பது மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்த பிறகுதான் புரிந்தது.

கொஞ்சம் பின்னால் போவோம். இந்த அலுவலகங்கள் 1945-ல் தொடங்கியது பட்டதாரிகளுக்காக அல்ல, போர் முடிந்து திரும்பிய சிப்பாய்களுக்காக. 1948-ல்தான் எல்லோருக்கும் கதவு திறந்தது. சிவராவ் கமிட்டி சிபாரிசுப்படி 1956 நவம்பர் 1 முதல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் போனது. கொள்கை டெல்லியிலேயே இருந்தது.

அப்புறம் 1959 சட்டம். 25 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் தனியார் நிறுவனங்களையும் காலியிடத்தைத் தெரிவிக்கச் சொன்னது. அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை என்றும் அதே சட்டம் சொன்னது! தெரிவிக்காவிட்டால், முதல் தடவை அபராதம் அதிகபட்சம் 500 ரூபாய். பதிவு செய்பவர் ஒருவர், வேலை கொடுப்பவர் வேறொருவர். இரண்டு பேரையும் கட்டிப்போடும் கயிறு இல்லை.

வேலைதான் இல்லை, சுயதொழிலாவது செய்யட்டும் என்று 1993 அக்டோபர் 2-ல் படித்த இளைஞர்களுக்காகப் பிரதமர் ரோஜ்கார் யோஜனா வந்தது. இலக்கு டெல்லியில் முடிவாகும். மாவட்டத் தொழில் மையம் ஆளைத் தேர்வு செய்யும். பணம் பேங்க் போட வேண்டும். 1 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்கக்கூடாது. எத்தனை மனு அனுப்பினார்கள் என்பது அவர்கள் கணக்கு. எத்தனை கடன் வாராமல் போனது என்பது எங்கள் கணக்கு.

2005 மார்ச் கடைசியில் கட்டுக்கட்டாக மனுக்கள் வந்தன. அதில் ஒருவர் என்னைப் போலவே பீகாம். ஜெராக்ஸ் கடை வைக்கக் கடன் கேட்டிருந்தார். அந்தத் தெருவில் ஏற்கனவே நாலு கடை. நிராகரித்தேன். நேரில் வந்து கேட்டார்: "சார், தொழில் மையத்தில் பாஸ் ஆகிவிட்டேனே, இங்கே எப்படி ஃபெயில்?"

என்னிடம் பதில் இல்லை. தொழில் மையத்துக்கு அவர் "பரிந்துரைக்கப்பட்டவர்". எனக்கு "தீர்வு செய்யப்பட்ட மனு". வேலைவாய்ப்பு அலுவலகத்துக்கு இன்னும் காத்திருப்பவர். மூன்று ரிஜிஸ்டரும் சரி. ஆனால் அவருக்கு வருமானம் வந்ததா என்று பார்ப்பது மூன்று ஆபீசில் ஒருவர் வேலையும் இல்லை.

2008-ல் அந்தத் திட்டம் பிஎம்இஜிபி-யில் கலந்தது. கதர் கமிஷனும் சேர்ந்துகொண்டது. 2015-ல் தொழிற்பயிற்சி தொழிலாளர் அமைச்சகத்திலிருந்து பிரிந்து திறன் மேம்பாட்டு அமைச்சகத்துக்குப் போனது. பலகைகள் மாறின, மேஜைகள் கூடின.

விதிப்படி நான் செய்தது சரிதான். "வேறு தொழில் என்றால் தருகிறேன்" என்று எழுத அந்தப் படிவத்தில் இடம் இல்லை. இப்போதெல்லாம் நிராகரிக்கும் முன் தொழில் மைய அதிகாரிக்கு ஒரு போன் போடுகிறேன். எந்தச் சர்க்குலரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

என் அட்டை இன்னும் பெட்டியில் இருக்கிறது. உங்களுடையது?